காலைப் பூட்டும் பெடலும் பெங்களூர்ச் சாலையும்

பெங்களூருக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் இதனைச் சமவெளியில் அமைந்த நகரம் என்றே கருதுவர். ஜோலார்ப்பேட்டையைத் தாண்டியபின் ரயில் சிறிது சிறிதாக மேலே ஏறி வருவது உறங்குபவருக்குத் தெரிவதில்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், எழுந்தும் தாழ்ந்தும் செல்லும் மேட்டு நிலத்தின்மீது இந்நகரம் பரந்து கிடக்கிறது. காரில் செல்வோர் இதனை அறியார். நடந்து செல்வோர் பாதி அறிவர். அல்சூர் ஏரிக்கரையில் சைக்கிளில் ஏறி, மகாத்மா காந்தி சாலை வரையில் ஒருமுறை மிதித்துச் சென்றவர் முழுவதும் அறிவர்.

ஒரு காலத்தில் இந்த மேடு பள்ளங்களை நம்மவருள் பெரும்பாலோர் கால்களாலேயே அறிந்திருந்தனர். 1940-இல் விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் வந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இவற்றில் வேலைக்கு அமர்ந்த தமிழர்களுக்குச் சைக்கிளே ஊர்தி. அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும் வாழ்ந்த குடும்பங்களில், வீட்டுக்கு ஒரு சைக்கிள் தாழ்வாரத்தில் சாய்ந்திருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. பின்னர் ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது, மெட்ரோ ரயிலும் வந்தது. சைக்கிள் மொட்டை மாடிக்குப் போயிற்று.

இப்பொழுது அது வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கப்பன் பூங்காப் பக்கம் சென்று பாருங்கள். தலைக்கவசம் அணிந்த இளைஞர்களும் நடுத்தர வயதினரும் கூட்டங்கூட்டமாகச் செல்வார்கள். காப்பி குடிக்க இறங்கி நடக்கும்போது அவர்கள் காலிலிருந்து, குதிரை லாடம் கல்லில் படுவதைப் போல, டக் டக் என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசையைப் பற்றித்தான் இக்கட்டுரை. நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் அந்தக் காலணி ஒரு பூசலையே கிளப்பியிருக்கிறது. பிள்ளைகள் வாங்க வேண்டும் என்கிறார்கள். பெற்றோர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இரு தரப்பாரும் அதனை உள்ளபடி அறிந்துகொண்டு வாதிட்டால் நன்றாயிருக்கும் அல்லவா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இதற்குக் ‘கிளிப்லெஸ் பெடல்’ என்று பெயர். கிளிப் இல்லாத பெடல் என்பது பொருள். ஆனால் காலைப் பெடலோடு பூட்டுவதே இதன் வேலை! பூட்டுகிற பொருளுக்குப் பூட்டில்லாதது என்று பெயர் வந்த காரணம் இது: முற்காலத்துப் பந்தய வீரர்கள் பெடலின் முன்புறம் ஒரு கம்பிக் கூட்டைப் பொருத்தி, அதற்குள் கால் விரல்களை நுழைத்துத் தோல்வாரினால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். நிறுத்த வேண்டுமானால் குனிந்து கையால் வாரைத் தளர்த்தியாக வேண்டும். அந்தக் கூடு இல்லாமலே காலைப் பூட்டும் கருவி வந்தபோது அது கிளிப் இல்லாதது ஆயிற்று. இவ்வளவையும் அறியாமல் கடைக்குப் போனால், கடைக்காரரும் வாங்குகிறவரும் ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரும்.

கருத்து பழையது. அமெரிக்கரான சார்லஸ் ஹான்சன் 1895-ஆம் ஆண்டிலேயே காலைத் திருப்பிப் பூட்டவும் விடுவிக்கவும் கூடிய பெடல் ஒன்றை அமைத்தார். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் ஒன்றைச் செய்தது. அதிலும் கையால் ஒரு விசையைத் தள்ளினால்தான் கால் விடுபடும். ஆகவே அது பரவவில்லை. வழி கிடைத்தது பனிமலையில். பனிச்சறுக்கு வீரர் கீழே விழுந்தால் அவருடைய காலணி சறுக்குக் கட்டையிலிருந்து தானே கழன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் முறியும். அத்தகைய பிணைப்புகளைச் செய்துவந்த பிரான்சு நாட்டு லுக் நிறுவனம், அதே முறையை 1984-இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார்ட் ஈனோ அந்தப் பெடலை மிதித்துப் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் தமது ஐந்தாவது வெற்றியைப் பெற்றார். அதன்பின் வார்களுக்கு மதிப்பு இல்லாமற் போயிற்று. 1990-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், இரும்புத் துண்டு காலணியின் அடியில் உள்ளடங்கி இருக்கும்படியான வகையைக் கொண்டுவந்தது. அதனை அணிந்துகொண்டு ஓரளவு இயல்பாக நடக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது இவ்வகையே.

அமைப்பு எளிது. காலணியின் அடியில், பெருவிரலின் அடிமேட்டுக்கு நேராக, ஓர் இரும்புத் துண்டு திருகப்படுகிறது. கடைக்காரர்கள் அதனைக் கிளீட் என்பர். அதன் முன்முனையைப் பெடலின் முன்பற்களுக்கு அடியில் செருகி மிதித்தால், பின்னால் சுருள்வில்லின் விசையில் நிற்கும் தாடை விலகி, ‘கிளக்’ என்ற ஓசையோடு மூடிக்கொள்ளும். இனி மேலே இழுத்தாலும் கால் வாராது. முன்னே தள்ளினாலும் வாராது. குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் மட்டுமே விடுபடும். கற்க வேண்டியது அந்த ஒரு திருப்பம்தான்.

ஒரு திருப்பத்திற்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் தங்கள் காலையே கேட்டுப் பார்க்கட்டும். நாம் எல்லாரும் எப்படிச் சைக்கிள் கற்றோம்? மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றோம். வண்டி தடுமாறினால் காலை மேலே தூக்கித் தரையில் ஊன்றினோம். பல ஆண்டுகளாக உடம்பில் ஊறிப்போன அந்தப் பழக்கம் மேலே தூக்கு என்கிறது; பெடலோ பக்கவாட்டில் திருப்பு என்கிறது. வண்டி நின்றுபோகும் அந்த அரை விநாடியில் பழக்கமே வெல்லும். விளைவு, ஓடுகிற வண்டியிலிருந்து அன்று, நின்றுவிட்ட வண்டியிலிருந்து, மரம் சாய்வதைப் போல மெல்லச் சாய்ந்து விழுவதாகும். எங்களில் விழாதவர் இல்லை. இதனைக் கற்றவர் யாரைக் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும்.

‘எங்களில்’ என்றது அல்சூரைச் சுற்றி வாழும் சில குடும்பத்தாரை. அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். திருமணமாகிப் பெங்களூருக்கு வந்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா.

இந்தப் பெடல் அவருக்காக வாங்கியதன்று. கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் அவருடைய மகன் வாங்கியது. அவர் இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் சிவப்பு விளக்கின் முன்னால். முழங்கையில் பட்ட சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தது ஆறவில்லை. பெடலைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். அக்கா அதனை எடுத்துத் தம் வண்டியில் மாட்டச் சொன்னார். காலணி மட்டும் தம் அளவுக்குப் புதிதாக வாங்கிக்கொண்டார். காலணியும் பெடலுமாகச் சேர்த்தால் ஒரு சாதாரணச் சைக்கிளின் விலை ஆகிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பதை மறந்தவர்கள் அதனைக் கழற்ற முயன்று முழுக் காலைப் பொழுதையும் வீணாக்க நேரும். எங்கள் தெருச் சைக்கிள் கடைக்காரர் அரை நிமிடத்தில் மாட்டிவிட்டார்.

அக்காவின் துணிவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். எழுதப் படிக்கக் கற்கும் பெண், தானே ஓர் இடத்திற்குச் சென்றுவரவும் வேண்டும் என்பது நோக்கம். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் செவிலியரும் ஆசிரியைகளும் சைக்கிள் ஏறினார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுக் காட்சிகளில் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆகவே ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியிலேயே பலர் கற்றனர். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு.

அக்கா அந்த அலையில் கற்றவர். பாவாடை தாவணியோடு, ஊரே கூடி நின்று பார்க்க, கண்மாய்க் கரையில் விழுந்து எழுந்தவர். “கேலி பண்றவங்களுக்கு ஒரு வாரந்தான். எட்டாம் நாள் அவங்க வீட்டுப் பொண்ணும் வந்து நின்னுச்சு” என்பார். பலர் காண விழுவது அவருக்குப் புதிதன்று. இந்தப் பெடலைக் கற்பதில் பாதித் தடை கூச்சமே. அக்காவுக்கு அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

கற்ற முறையைச் சொல்கிறோம். முதல் நாள் சாலைக்கே போகவில்லை. வீட்டு முற்றத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியின்மீது அமர்ந்து, ஒரு காலை மட்டும் பூட்டுவதும் விடுவிப்பதும். ஐம்பது முறை இடக்கால், பின்பு ஐம்பது முறை வலக்கால். கண்ணால் பார்க்காமல் செய்ய வர வேண்டும். பெடலில் சுருள்வில்லின் இறுக்கத்தைக் குறைக்க ஒரு சிறு திருகு இருக்கிறது. ஆலன் சாவியால் இடப்புறம் திருப்பினால் தளரும். கற்பவர் அதனை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். கிளீட்டிலும் ஒரு வகை உண்டு; அது பல திசைகளிலும், வலிந்து மேலே இழுத்தாலுங்கூட, விட்டுக்கொடுக்கும். கேட்டு அதனையே வாங்குக. பந்தயக்காரர்கள் அணிவது மூன்று திருகு கொண்ட பெரிய கிளீட்; அதனோடு நடப்பது வாத்து நடையாகும். நமக்கு இரண்டு திருகு போதும்.

இரண்டாம் கட்டம் புல்தரை. ஒரு கால் பூட்டியும் மறு கால் விட்டும் சுற்றிச் சுற்றி வந்தோம். மூன்றாம் கட்டத்திற்குக் கப்பன் பூங்கா.

இப்பூங்காவுக்குப் பெங்களூர்வாசிகள் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். 1870-இல் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி அமைத்தது. கமிஷனராக இருந்த மார்க் கப்பன் பெயர் நிலைத்துவிட்டது. 1927-இல் ஸ்ரீ சாமராஜேந்திரர் பெயரைச் சூட்டியும் மக்கள் நாக்கு மாறவில்லை. ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்சாலைகளில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. சிவப்பு நிற உயர்நீதிமன்றக் கட்டடத்தின் பக்கத்திலிருந்து மூங்கில் புதர்களைக் கடந்து நடு நூலகம் வரையில் நிழலிலேயே செல்லலாம். நூலகம் இருக்கும் மண்டபம் 1915-இல் சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுந்தது. பாலக்காட்டுச் சீமையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரசின் திவானாக 18 ஆண்டுகள் இருந்தவர் அவர். அவருடைய சிலைக்கு எதிரில்தான் அக்கா முதன்முறை விழுந்தார். சிலை ஒன்றும் சொல்லவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த கன்னடப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கிப் பிடித்து, “நிதானா அம்மா, நிதானா” என்றார்.

கன்னடத்தில் நிதானம் என்றால் மெதுவாக என்று பொருள். மெதுவாகச் செல்லுமாறு சொல்லும் சாலைப் பலகைகளிலும் அச்சொல்லைக் காணலாம். தமிழில் நிதானம் என்பது பதறாத மனநிலை. பெரியவர் முதற்பொருளில் சொன்னார். அக்கா இரண்டாம் பொருளில் கேட்டுக்கொண்டார். இந்தப் பெடலைப் பொறுத்தவரையில் அக்கா கேட்டுக்கொண்டதே பொருத்தம். மெதுவாகச் செல்வது இதில் பாதுகாப்பாகாது; வேகம் குறையக் குறையத்தான் விழும் அபாயம் மிகுகிறது. பதறாமல், நிற்பதற்கு முன்னரே காலை விடுவித்துக்கொள்பவர் தப்புவார்.

எந்தக் காலை? இடக்காலை. நம் நாட்டில் சாலையின் இடப்புறமாகச் செல்கிறோம். நடைபாதையின் விளிம்பு இடப்புறம் இருக்கிறது. சங்கிலி வலப்புறம் இருப்பதால் உடையில் எண்ணெய் படாது. நம் தாத்தாக்கள் வண்டியில் ஏறியதும் இறங்கியதும் இடப்புறந்தான். பிரேக்கைப் பிடிக்கத் தொடங்குமுன் இடக் குதிகாலைத் திருப்பி விடுவித்து, கால் பெடலின்மீது சும்மா இருக்கட்டும். வண்டி நிற்கும் தறுவாயில் கைப்பிடியைச் சற்றே வலப்புறம் திருப்பினால் வண்டி இடப்புறமாகச் சாயும், ஊன்றிக்கொள்ளலாம். இடக்காலை விட்டுவிட்டு வலப்புறம் சாய்கிறவர் பாடு திண்டாட்டம். அவ்வாறு சாய நேர்ந்தால், கையை நீட்டித் தரையைத் தடுக்க முயலாமல் கைப்பிடியைப் பற்றியபடியே தோளும் இடுப்புமாக விழுவது நலம். நீட்டிய கையில் மணிக்கட்டும் கழுத்தெலும்பும் போகும்.

பூங்காவில் இதெல்லாம் எளிது. வெளியே வந்ததும் பெங்களூர் தன் பாடத்தைத் தொடங்குகிறது. நாம் எங்கே நிற்பது என்பதை நாம் முடிவு செய்ய முடிவதில்லை. முன்னால் செல்லும் ஆட்டோ, கை காட்டிய பயணிக்காகச் சட்டென்று நிற்கும். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வெளிப்படுவார். வர்ணம் பூசாத வேகத்தடை மர நிழலில் ஒளிந்திருக்கும். மழைக்காலத்தில் பள்ளம் எது, குட்டை எது என்று தெரியாது. ஆகவே நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முன்னால் ஆட்டோ இருந்தால், சந்தி கண்ணில் பட்டால், பேருந்து நிறுத்தம் வந்தால், நாய் எழுந்து நின்றால், இடக்கால் வெளியே. கென்சிங்டன் சாலையின் ஏற்றத்தில் மட்டும் ஆறேழு முறை கால் வெளியே வந்தது உண்டு. அப்படியானால் பூட்டியதன் பயன் என்ன என்று கேட்பீர்கள்.

எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவரும் அதைத்தான் கேட்டார். அவர் விமானத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர்; முப்பது ஆண்டுகள் மழையிலும் பனியிலும் செருப்புக் காலோடு மிதித்தவர். காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சைக்கிள்காரனுக்குக் கால்தானே அம்மா கடைசிப் பிரேக்கு? அதைப் போய்க் கட்டிப் போடறதா?” என்றார். அக்காவும் “நியாயந்தான் மாமா” என்றார். எங்களிடம் இன்றுவரை அதற்கு முழு மறுப்பு இல்லை. பூட்டினால் காலை மேலே இழுத்தும் வலிமை பெறலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை. வண்டியைச் செலுத்துவது பெரும்பாலும் கீழே அழுத்துகிற கால்தான். மெய்யான பயன் வேறு: மழையில் கால் வழுக்காது, கரடுமுரடான சாலையில் பெடல் காலை விட்டு ஓடிக் கெண்டைக் காலில் அடிக்காது, எழுந்து நின்று மிதிக்கும்போது பாதம் தன் இடத்தில் இருக்கும், நெடுந்தூரத்தில் ஒரே சீராகச் சுற்ற முடியும். இவை நெடுஞ்சாலைக்கும் மலைக்கும் உரிய பயன்கள். சைக்கிளுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாட்டில் அலுவலகத்திற்கும் கடைக்கும் செல்வோர் சாதாரணக் காலணியோடு சாதாரணப் பெடலையே மிதிக்கின்றனர். சில்க் போர்டு சந்தியைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் அதுவே தக்கது என்பது எங்கள் துணிபு. இரண்டும் வேண்டும் என்போருக்கு, ஒருபுறம் பூட்டும் மறுபுறம் தட்டையுமாக உள்ள பெடல் கிடைக்கிறது. பெரியவர் அதைப் பார்த்து, “இது தேவலை” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கையில் சிலருடைய பாதம் நேராகவும் சிலருடையது சற்று வெளிநோக்கியும் இருக்கும். அவரவர் நடைக்கு ஏற்பக் கிளீட்டைத் திருப்பிப் பொருத்த வேண்டும். பூட்டிய நிலையிலும் குதிகால் சில பாகை அசைய இடம் இருக்கும். அது முழங்காலைக் காப்பதற்காகவே உள்ளது. சில நாளில் முழங்கால் நோகத் தொடங்கினால், தைலத்தைத் தேடுமுன் கிளீட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதப் பயிற்சிக்குப் பின் நந்திமலை செல்வதென்று முடிவாயிற்று. வார இறுதியில் அங்கே கார்க் கூட்டம் பொறுக்க முடியாது. ஆகவே வேலை நாள் ஒன்றில் விடுப்பெடுத்துக்கொண்டு, விடியற்காலை நான்கரை மணிக்கு ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையின் அருகே கூடினோம். 1991-இல் உருவாகி, 18 ஆண்டுகள் திரைக்குள் காத்திருந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை அது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. காத்திருப்பதைப் பற்றி அந்த இடத்தில் யாரும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது.

மேக்ரி சந்தி, ஹெப்பாள், எலகங்கா என்று வடக்கு நோக்கிச் சென்றோம். பெல்லாரி சாலையில் விமான நிலையம் செல்லும் கார்கள் அந்த நேரத்திலும் பறக்கின்றன. பக்கச் சாலை உள்ள இடமெல்லாம் அதிலேயே செல்வது அறிவுடைமை. திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளியில் பொழுது புலர்ந்தது. அங்கே பம்ப்ளிமாசு பெயர்பெற்றது, சக்கோத்தா என்பர். நெடுஞ்சாலையை விட்டு இடப்புறம் திரும்பியதும் திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. பனி மூட்டத்தில் மலை தெரியவில்லை. அது எங்களுக்கு நல்லதாயிற்று.

அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 7, 8 கிலோமீட்டர் ஏற்றம். மலையின் உயரம் 1,478 மீட்டர். நகரத்திலிருந்து புறப்பட்டது முதல் பூட்டிய காலின் அருமையை அங்கேதான் உணர்ந்தோம். கியரைக் குறைத்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஏறினோம். மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகம். இதைவிடக் குறைந்தால் வண்டி நிற்காது. ஒரு வளைவில் மேலே இருந்த கார் ஒன்று திடீரென்று பின்னோக்கி வந்தது. மதிலிலிருந்து இரண்டு குரங்குகளும் அதே வேளையில் சாலையில் குதித்தன. எங்களில் இளையவர்கள் பிரேக்கைப் பிடித்துவிட்டுக் காலைத் தேடினார்கள். அக்காவின் இடக்கால் அதற்குள் தரையில் இருந்தது. “காரோட வெள்ளை விளக்கு எரிஞ்சுச்சே, பார்க்கலையா?” என்று கேட்டார்.

நின்றது பெரிதன்று, ஏற்றத்தில் மறுபடி புறப்படுவதே பெரிது. அதற்கும் முறை இருக்கிறது. வலக்காலைப் பூட்டி, அந்தப் பெடலை மேற்புறம் சற்று முன்னதாக நிறுத்தி, பிரேக்கை விட்டவுடன் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். இடக்காலைப் பெடலின்மீது வெறுமனே வைத்து நாலைந்து சுற்று மிதித்து, வண்டி நிலைகொண்ட பிறகே பூட்டை நாட வேண்டும். முதற்சுற்றிலேயே பூட்ட முனைந்தால் வண்டி நின்றுவிடும். அக்கா மூன்று இடங்களில் காலை ஊன்றினார். மூன்று இடங்களிலும் இம்முறையில் புறப்பட்டார்.

உச்சியில் காற்று வீசி மூட்டம் கலைந்தது. கீழே தென்பட்ட பாறைகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே எங்கோ, இந்த மலைத்தொடரில், நம் தென்பெண்ணை பிறக்கிறது. கிருஷ்ணகிரியையும் சாத்தனூரையும் கடந்து கடலூரில் அது கடலைச் சேர்கிறது. கட்டி எடுத்துச் சென்ற இட்லியை அங்கேயே உண்டோம். இறங்கும்போது பெடல்கள் இரண்டையும் சமமட்டத்தில் வைத்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு வந்தோம். அடிவாரத்தில் நந்தி கிராமத்துப் போகநந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்து, பின்னர் சோழர் கைவண்ணமும் பெற்ற கோயில். வாசலில் அந்த டக் டக் காலணிகளைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த கல்தளத்தில் வெறுங்காலை வைத்தபோது கிடைத்த சுகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நந்தியோடு ஆசை அடங்காதவர்களுக்கு நீலகிரி இருக்கிறது. 2008 முதல் டிசம்பர் மாதத்தில் நடைபெறும் நீலகிரிச் சுற்றுப் பயணத்தில் பெங்களூர்க்காரர் பலர் கலந்துகொண்டிருக்கின்றனர். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அக்கா அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெட்டியிலிருந்து போன பெடலை இப்பொழுது மகன் திருப்பிக் கேட்கிறார். அவர் கொடுப்பதாக இல்லை.

கற்க விரும்பும் சங்கத்து அன்பர்கள், பெண்கள் உட்பட, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கப்பன் பூங்கா நூலகத்தின் முன் வரலாம். பூட்டும் பெடல் பொருத்திய வண்டி ஒன்றும், 38, 41 அளவுகளில் இரண்டு சோடிக் காலணிகளும் பழகிப் பார்க்க இருக்கும். தலைக்கவசத்தை அவரவரே கொண்டுவர வேண்டும். முழங்கையை மூடும் சட்டை அணிந்து வருவது நல்லது.